உஷார்! ‘மாத்திரை கேக்கல’ என்று நிறுத்தப் பார்க்கிறீர்களா?

“மூணு மாசமா முழுங்கிட்டுத்தான் இருக்கா. ஒண்ணும் கேக்கல. பேசாம நிறுத்திப் பாப்போமா?”

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடும் ஒருவர் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு என்றைக்காவது வந்தே தீரும். சாப்பிடுகிறவரே சலித்துப்போய்ச் சொல்லலாம். அம்மாவோ கணவரோ அக்கறையால் சொல்லலாம். உங்கள் வீட்டில் இந்த வாரம் அப்படியொரு பேச்சு எழுந்திருந்தால், மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதை முழுதும் படித்துவிடுங்கள். டிப்ரஷன் சிகிச்சையில் உயிருக்கே உலை வைக்கும் தவறுகள் பலவும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன.

சிலர் ஒரே நாளில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பழைய டாக்டரின் சீட்டை மறைத்துவிட்டுப் புது டாக்டரிடம் போய், மாத்திரைக்கு மேல் மாத்திரை வாங்கி வருகிறார்கள். இன்னும் சிலர் ‘மருந்தெல்லாம் விஷம், பேசியே குணப்படுத்திடலாம்’ என்று ஆசை காட்டுகிற யாரிடமாவது போய்ச் சேருகிறார்கள். மருந்து போதிய பலன் தராதபோது முறையான பேச்சு சிகிச்சையை அதோடு சேர்த்துக் கொடுப்பது பலரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. இதற்கு நல்ல ஆய்வுச் சான்று உண்டு. ஆனால் மருந்து தொடர்ந்து இருக்க, அதன் மேல் பேச்சைச் சேர்ப்பதுதான் அந்தச் சிகிச்சை. ஒன்றை வீசிவிட்டு இன்னொன்றைப் பிடிப்பதும், இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் இரண்டையும் ஓட்டுவதும் ஆபத்து.

பேச்சு மட்டும் போதும் என்று பிடிவாதமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ரஃபேல் ஆஷெராஃப் சிறுநீரக மருத்துவர். வர்ஜீனியாவில் டயாலிசிஸ் தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்தவர். மனச்சோர்வு வந்தபோது ஒரு மனநல மருத்துவர் அவருக்கு டிரைசைக்ளிக் வகை மாத்திரை கொடுத்தார். ஓரளவு தேறினார். ஆனால் சொன்ன அளவில் மாத்திரையைத் தொடரவில்லை. மறுபடி சரிந்தார். 1979-இல் மேரிலாந்தில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மருத்துவமனையில் சேர்ந்தார். உளப்பகுப்பாய்வுக்குப் பேர்போன இடம் அது. வாரத்துக்கு நான்கு முறை உட்காரவைத்துப் பேசினார்கள். மனச்சோர்வுக்கு மருந்து கொடுக்கவில்லை. ஏழு மாதம் இப்படியே போயிற்று. உடம்பில் சுமார் 18 கிலோ கரைந்தது. தூக்கம் போயிற்று. ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்து நடந்து பாதம் வீங்கிக் கொப்பளித்து, அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டி வந்தது. மருத்துவர்கள் கூடி ஆலோசித்தார்கள். இதே வழியில் தொடரலாம் என்றுதான் முடிவெடுத்தார்கள்.

குடும்பத்தார் அவரைக் கனெக்டிகட்டில் உள்ள சில்வர் ஹில் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே மருந்து தொடங்கியது. மூன்று வாரத்தில் மாற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் வீடு திரும்பினார். அதற்குள் தொழில் கைநழுவி, குடும்பமும் சிதறிப்போயிருந்தது. 1982-இல் வழக்குத் தொடுத்தார், 1987-இல் அது சமரசத்தில் முடிந்தது.

எனக்கு நடுக்கம் தருவது, அங்கே இருந்தவர்கள் போலி வைத்தியர்கள் இல்லை என்பதுதான். நன்கு படித்தவர்கள், தங்கள் முறையை உண்மையாக நம்பியவர்கள். நோயாளி கண்ணெதிரே இளைத்துக்கொண்டிருந்தபோதும் வழியை மாற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை. இந்தக் கதைக்குப் பின்பகுதியும் உண்டு. எழுத்தாளர் ரேச்சல் அவிவ் 2022-இல் வெளியிட்ட நூலில் ஆஷெராஃபின் பிற்கால வாழ்க்கையை விவரிக்கிறார். மருந்து அவரை எழுப்பி நிறுத்தியது. ஆனால் இழந்ததை எண்ணி எண்ணி, தன் கதையைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தார். மாத்திரை தொடாத ஓர் இடம் அவருக்குள் இருந்தது. இரண்டும் தேவைப்பட்ட மனிதருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் கிடைத்தது.

‘கேக்கல’ என்று எப்போது சொல்லலாம்?

மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு கொஞ்சம் கறாரானது. குறைந்தது இரண்டு வெவ்வேறு மனச்சோர்வு மருந்துகள், ஒவ்வொன்றும் போதிய டோஸில், ஒவ்வொன்றும் ஆறு வாரமாவது விடாமல் சாப்பிட்டும் பலன் இல்லையென்றால்தான் ‘சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வு’ என்று பெயர் வைப்பார்கள். நம் வீடுகளில் சொல்லப்படும் ‘கேக்கல’வில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள் வராது.

தலைவலிக்கும் தூக்கத்துக்கும் என்று 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது மனச்சோர்வு மருந்தும்தான். ஆனால் மனச்சோர்வுக்குத் தேவைப்படும் அளவு அதைவிடப் பல மடங்கு. அந்தச் சின்ன மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு ‘டிப்ரஷன் மாத்திரையும் பாத்தாச்சு, கேக்கல’ என்று கணக்கில் சேர்த்துவிடுகிறோம். இன்னொன்று, எஸ்சிடலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும் கூட்டு மருந்து. இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறது. முதல் வாரத்திலேயே நல்ல தூக்கம் வரும், படபடப்பு அடங்கும், ‘ஆஹா கேட்டுடுச்சு’ என்று தோன்றும். அது குளோனசெபாமின் வேலை. எஸ்சிடலோபிராம் தன் வேலையைக் காட்டச் சில வாரங்கள் ஆகும், டோஸையும் ஏற்ற வேண்டியிருக்கலாம். கூட்டு மாத்திரையில் ஒன்றை ஏற்றினால் மற்றதும் சேர்ந்து ஏறிவிடலாம். இதை ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நிற்கும். தூக்கம் அடியோடு போய், கை நடுங்கி, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, எத்தனை மருந்து பெயர் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

மருந்தைக் குறை சொல்வதற்கு முன் உடம்பையும் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால், பி12 குறைந்திருந்தால், ரத்தசோகை கடுமையாக இருந்தால், இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், எந்த மனச்சோர்வு மாத்திரையும் தடுமாறும். வேறு நோய்க்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டும் மனநிலையைக் கவிழ்க்கும். குடியும் அப்படித்தான். ‘தூக்கத்துக்காகக் கொஞ்சமா’ என்று ராத்திரி குடித்துவிட்டு அதன்மேல் மாத்திரை போடும் ஆண்கள் எத்தனையோ பேர். அதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள். கூடப் போகிற மனைவியும் நாலு பேர் முன்னால் அவர் மானம் போய்விடும் என்று வாயைத் திறக்க மாட்டார். தயவுசெய்து சொல்லுங்கள். தனியாக ஒரு நிமிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது பைபோலார் நோயை. சில வருடங்களுக்கு முன் ஒரு பத்து நாள், ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவழித்து, பெரிய பெரிய திட்டம் போட்டுத் திரிந்தாரா? சோர்வில் கிடக்கிறவருக்கு அது நினைவுக்கே வராது, வந்தாலும் ‘அப்போ நல்லாத்தானே இருந்தேன்’ என்பார். வீட்டில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனம் மறுகோடிக்குத் தாவலாம், அல்லது சோர்வும் பரபரப்பும் ஒன்றாகக் கலந்த, மிகவும் ஆபத்தான ஒரு நிலைக்குப் போகலாம். இந்த ஒரு தகவல் சிகிச்சையையே தலைகீழாக மாற்றிவிடும்.

இத்தனையும் சரிபார்த்து, உண்மையிலேயே மருந்து போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கலாமா? அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில் ஏறக்குறைய 4,000 பேர் பங்கேற்றார்கள். 2006-இல் வெளியான முடிவுப்படி முதல் மருந்தில் நூற்றுக்குச் சுமார் 37 பேர் நோய்க்குறிகள் நீங்கி மீண்டார்கள். இரண்டாவது கட்டத்துக்கு வந்தவர்களில் 31 பேர். மூன்றாவதில் 14, நான்காவதில் 13. அந்த எண்களே மிகைப்படுத்தப்பட்டவை என்று 2023-இல் வந்த மறு ஆய்வு ஒன்று வாதிட்டது. எப்படிப் பார்த்தாலும் படி ஏற ஏற வாய்ப்பு சுருங்குகிறது. மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே வருடங்களைக் கழிப்பது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பேச்சைச் சேர்த்தால்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல், எக்ஸெட்டர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆகிய இடங்களில் கோபால்ட் என்ற ஆய்வு நடந்தது. மாத்திரையைப் போதிய அளவில் ஆறு வாரமாவது சாப்பிட்டும் தேறாத 469 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதே சிகிச்சையோடு சி.பி.டி. எனப்படும் அறிவுசார் நடத்தை சிகிச்சை, 12 முதல் 18 அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நோயின் கடுமை பாதியாவது குறைந்தவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 22 பேர், இரண்டாவது குழுவில் 46 பேர். மூன்று முதல் ஐந்து ஆண்டு கழித்து மறுபடி தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அப்போதும் 27-க்கு 43 என்று வித்தியாசம் நின்றிருந்தது. அமர்வு முடிந்து ஆண்டுகள் கடந்தும் பலன் நிற்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் அந்த 46-ஐ இன்னொரு முறை பாருங்கள். சேர்த்துக் கொடுத்தும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த அளவுக்குத் தேறவில்லை. ‘பத்து சிட்டிங்கில் டிப்ரஷன் குளோஸ், கேரண்டி’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

2000-ஆம் ஆண்டு இதைவிடப் பெரிய வெற்றி ஒன்று முழங்கப்பட்டது. நீண்டகால மனச்சோர்வு உள்ள 681 பேரில், நெஃபசோடோன் என்ற மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிலும், தனிவகைப் பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களிலும் 48 சதவீதம் பேருக்குப் பலன். இரண்டும் பெற்றவர்களில் 73 சதவீதம். உலகமே வியந்தது. அந்த மாத்திரை கல்லீரலைப் பாதிக்கிறது என்று பின்னர் தெரியவந்தது, அதைத் தயாரித்த நிறுவனமே 2004-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஆய்வை எழுதியவர்களுக்கு மருந்து நிறுவனங்களோடு இருந்த பணத் தொடர்புகள் அச்சிட இடம் போதாத அளவுக்கு இருந்தன. 2009-இல் 491 பேரிடம் அதே பேச்சு சிகிச்சையை மருந்து மாற்றத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, மருந்தை மட்டும் மாற்றியவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சேர்த்துக் கொடுப்பது எல்லோருக்கும் எல்லா வடிவத்திலும் பலிப்பதில்லை. பலிக்கிறதா என்று அளந்து பார்த்தபடியே போக வேண்டும்.

நம் பக்கத்தில் கோவாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேல் குழுவினர் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வு நடத்தச் செய்தார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள். அந்த அமர்வுகள் இல்லாத குழுவில் 39. இவர்கள் மருந்துக்கு மசியாதவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. ஆனால் ஒன்று தெரிகிறது. ஏட்டில் உள்ள முறையை அப்படியே பின்பற்றி, மேலே ஒருவர் கண்காணித்து, வாராவாரம் சரிபார்த்தால் எளிய பேச்சும் மருந்தாகிறது. பட்டம் பெற்றவரே ஆனாலும் முறை இல்லாமல் பேசினால் அது வெறும் அறிவுரை.

போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு எண் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ‘கவுன்சலர்’, ‘லைஃப் கோச்’, ‘மைண்ட் ஹீலர்’ என்ற போர்டை ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். இவர்களிலும் நல்லவர்கள், பயிற்சி பெற்றவர்கள் உண்டு. ஆனால் மருந்துக்கு மசியாத மனச்சோர்வை ஒப்படைக்கும் இடம் அது இல்லை.

முறையான அமர்வு எப்படி இருக்கும்? மணிக்கணக்காக உபதேசம் நடக்காது. ‘தைரியமா இருங்க, யோகா பண்ணுங்க, கெட்டதை நினைக்காதீங்க’ என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஒரு தாளில், நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள், ஒவ்வொன்றின்போதும் மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்வார்கள். ‘நான் இந்த வீட்டுக்குப் பாரம்’ என்ற எண்ணம் வரும் நேரத்தைப் பிடித்து, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று உங்களோடு சேர்ந்தே ஆராய்வார்கள். வீட்டுக்கு வேலை கொடுப்பார்கள்: நாளைக்குத் தெருமுனைக் கடைவரை நடந்து வருவது, ஆறு மாதமாகப் பேசாத தோழிக்கு ஒரு போன். அடுத்த வாரம் அதைப் பற்றிக் கேட்பார்கள். நோயின் அளவை ஒரு படிவத்தில் குறித்து வைப்பார்கள். பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. 0-விலிருந்து 27 வரை மதிப்பெண். எட்டு அமர்வு தாண்டியும் அந்த எண் அசையவில்லை என்றால், அவரும் நீங்களும் மனநல மருத்துவரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய நேரம் அது.

அமர்வுக்குப் போகிறவர் குளோனசெபாம், அல்பிரசோலம் போன்றவற்றால் மந்தமாக இருந்தால், பேசியது மறுநாள் நினைவில் நிற்காமல் போகலாம். ‘தெரபி பிரயோஜனம் இல்லை’ என்று அதன்மேல் பழி விழும். தெரபிஸ்டிடமும் டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

இனி வருவதுதான் நான் உரக்கக் கத்த விரும்பும் எச்சரிக்கை. தெரபிஸ்ட் ‘மாத்திரையை நிறுத்திட்டு வாங்க, அப்பத்தான் உங்க உண்மையான உணர்ச்சி வெளியே வரும்’ என்று சொன்னால், அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் சைக்காலஜிஸ்ட்டுக்கு அதிகாரம் கிடையாது. அதேபோல், நீங்கள் தெரபிக்குப் போவது மருந்து எழுதும் டாக்டருக்குத் தெரியாமல் இருப்பதும் ஆபத்து. அமர்வில் பழைய காயம் ஒன்று கிளறப்பட்டு நாலு நாள் தூங்காமல் இருந்தால், அதை அறியாத டாக்டர் நோய் முற்றிவிட்டது என்று டோஸை ஏற்றுவார். புது மாத்திரையால் கால் பரபரப்பதை அறியாத தெரபிஸ்ட், அதற்கு மனதுக்குள் காரணம் தேடிக்கொண்டிருப்பார். ஒரு நோட்டு வாங்குங்கள். மருந்தின் பெயர், டோஸ், தொடங்கிய தேதி, மாற்றிய தேதி, அமர்வில் நடந்ததில் நீங்கள் சொல்ல விரும்பும் அளவு. இரு இடத்துக்கும் அதே நோட்டைக் கொண்டு போங்கள். இருவரும் ஒருவரோடொருவர் போனில் பேச எழுத்தில் சம்மதம் கொடுங்கள்.

மாத்திரையோடு மாத்திரை மோதும்போது

மருந்து போதாதபோது இரண்டாவது மருந்து சேர்ப்பது மருத்துவத்தில் முறையான வழிதான். சிக்கல், வீட்டில் ஏற்கனவே இருக்கும் மற்ற மாத்திரைகளோடு அது மோதும்போது. 1984 மார்ச் மாதம் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலும் பரபரப்புமாக மருத்துவமனைக்கு வந்தார். மனச்சோர்வுக்கு ஃபினெல்சின் சாப்பிட்டு வந்தவர். அங்கே பெத்திடின் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் உயிர் போயிற்று. அந்த இரண்டு மருந்தின் மோதலே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு நியூயார்க் மாநிலம் பின்னாளில் வரம்பு கட்டியது இந்தச் சாவுக்குப் பிறகுதான்.

இன்றைய மாத்திரைகளிலும் அந்த மோதல் உண்டு. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், வென்லாஃபாக்சின் போன்றவை சாப்பிடுகிறவர் பல்வலிக்கும் முதுகுவலிக்கும் டிராமடால் வாங்கி விழுங்குவது, வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த சிரப் குடிப்பது, லைன்சோலிட் ஆன்டிபயாட்டிக் எடுப்பது, எல்லாமே உடம்பில் செரோடோனின் என்ற ரசாயனத்தை எல்லை மீற ஏற்றக்கூடியவை. புது மருந்து சேர்த்த சில மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கால் வெட்டி வெட்டி இழுத்து, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குழப்பம் என்று வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், சாப்பிடும் எல்லா அட்டைகளையும் மேசையில் வையுங்கள்.

லித்தியம் சேர்க்கப்பட்டவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மசியாத மனச்சோர்வில் பல ஆண்டு அனுபவம் உள்ள நல்ல மருந்து அது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடினாலே நஞ்சு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தால் கூடும். வாந்தி பேதியில் கூடும். டைக்குளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரையாலும் சில பி.பி. மாத்திரையாலும் கூடும். பலருக்குத் தெரியாதது, உப்பில்லாப் பத்தியம் இருந்தாலும் கூடும். விரதத்துக்கும் பத்தியத்துக்கும் முன்னால் டாக்டரிடம் கேளுங்கள். கை நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, நாக்கு குழறினால் உடனே ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் குறித்த காலத்தில் செய்யப்பட வேண்டும்.

வயதானவர்களிடம் வேறொரு பொறி. மனச்சோர்வு மாத்திரையும் நீர் பிரிக்கும் பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். தாத்தா குழம்பிப் பேசுகிறார், தடுமாறி விழுகிறார் என்றால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம், அல்லது டிப்ரஷன் முற்றிவிட்டது என்று நினைக்கிறோம். சோடியம் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மனச்சோர்வு மாத்திரையோடு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு மலம் கறுத்துப் போனால் வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கூடுதல் மருந்தாக அரிபிப்ரசோல் போன்றது சேர்த்த சில நாளில் ‘உக்கார முடியல, காலு ஓடிக்கிட்டே இருக்கு, உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது’ என்று ஒருவர் சொன்னால் அது டென்ஷன் என்று தள்ளிவிடாதீர்கள். மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். தாங்க முடியாத அந்தத் தவிப்பு தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடியது. அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சிகிச்சை தொடங்கிய, டோஸ் மாற்றிய முதல் வாரங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மனம் இருட்டாகவே இருக்க, உடம்பில் மட்டும் தெம்பு முதலில் வரலாம். படுத்தே கிடந்தவர் எழுந்து நடக்கிறார் என்று வீடு நிம்மதியடையும் நாட்கள் அவை. 24 வயது வரையுள்ளவர்களுக்கு இந்தக் காலத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று மருந்து விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-இல் சொன்னது; குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் 2004-இலேயே சொல்லியிருந்தது. மருந்தை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை, கூடவே இருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி வைத்து, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இந்தியாவில் 14416 டெலி-மானஸ், தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

சாப்பாடு தண்ணீர் இறங்காமல், பேச்சே அற்று, அல்லது காதில் குரல் கேட்டுத் தான் பாவி என்று நம்பிக் கிடப்பவரிடம் பேச்சு சிகிச்சை இப்போதைக்கு எடுபடாது. அவருக்கு மின்அதிர்வு சிகிச்சை என்று டாக்டர் சொன்னால் சினிமாவை நினைத்து ஓடாதீர்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு இந்திய மனநலச் சட்டம் தடைசெய்கிறது. உயிர் காக்கும் சிகிச்சை அது. எழுந்து உட்கார்ந்த பிறகு பேச்சு தொடங்கட்டும்.

கடைசியாக, நன்றாகிவிட்ட பிறகு செய்யும் தவறு. மருந்தும் தெரபியும் சேர்ந்து ஆளை மீட்டதும், முதல் நல்ல மாதத்திலேயே ‘இனி எதுக்கு?’ என்று இரண்டையும் ஒன்றாக விடுகிறார்கள். இங்கிலாந்தில் நல்ல நிலையில் இருந்த, நீண்டகாலம் மருந்து சாப்பிட்ட 478 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 39 சதவீதம் பேருக்கு. படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களிலோ 56. திடீரென நிறுத்தினால் தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் சொடுக்கும், கிறுகிறுக்கும், எரிச்சலும் அழுகையும் வரும். வென்லாஃபாக்சினும் பராக்ஸெடினும் இதில் மோசம். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து போவார்கள்.

மருந்தே வேண்டாம் என்று மனப்பூர்வமாக விரும்புகிறவருக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்துபோன 424 பேரில் ஒரு பகுதியினருக்கு, மனநிறை தியானத்தை அடிப்படையாகக் கொண்ட எட்டு வார சிகிச்சையைக் கொடுத்தபடி மருந்தை மெல்லக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டில் நோய் திரும்பியது 44 சதவீதம் பேருக்கு, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47. 2015-இல் வெளியான ஆய்வு இது. பேச்சு சிகிச்சை பக்கத்தில் இருக்கும்போது, டாக்டர் கண்காணிக்க, மாதக்கணக்கில் குறைத்ததால் கிடைத்த முடிவு. அதனால் குறைப்பு அட்டவணையை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்த டோஸ், எந்த அறிகுறி வந்தால் பழைய டோஸுக்குத் திரும்ப வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். அந்த மாதங்களில் தெரபி அமர்வை ஒன்றுகூடத் தள்ளிப்போடாதீர்கள். பரீட்சை, கல்யாணம், வீடு மாறுவது போன்ற நெருக்கடி வரும் மாதத்தில் குறைப்பைத் தொடங்கவே வேண்டாம்.